வாலுக்கு இடம் விடாத கதவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். உடம்பு மட்டுமில்லை, மற்றதெல்லாமும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. உனக்கு அப்பா ஆனபோது என் கையில் டிப்ளமோ சர்டிபிகேட்கூட வந்திருக்கவில்லை, அன்று தொடங்கிய ஓட்டத்தில் எதையும் நின்று நிதானமாகச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் இதைப் போனில் சொல்ல முடியாது. போனில் நான் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியும், எதிராளி வாயை மூடுவதற்குள் பதிலை எடுத்து வைத்துவிடுவேன், சரியா தப்பா என்பதைப் பிறகுதான் பார்ப்பேன். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. அம்மாவுக்கு மருந்துக் கடையில் காலை ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள். பிரிட்ஜ் மறுபடி உறுமுகிறது, ஊர் மெஷினையெல்லாம் பார்க்கிறவனுக்கு வீட்டு மெஷின் கண்ணில் படவில்லை என்று அம்மா திட்டுகிறாள், வாயால் இல்லை, அதன் கதவைச் சாத்துகிற விதத்தால். உன் மாமா எங்கள் குப்பை யார்டு வேலையை விட்டுப் போனதிலிருந்து அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. மாமா வேறு நல்ல வேலைக்கு மாறிவிட்டான் என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். அவன் மாறவில்லை. நான்தான் அவனை அங்கிருந்து கிளப்பினேன்.

முதலில் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் உனக்கு எதுவும் பிடிபடாது. எங்கள் குப்பை பிரிக்கும் யார்டில் சாப்பாட்டுக் கழிவு வந்து கொட்டுகிற ஷெட் இருக்கிறதல்லவா, பின்பக்கப் புதர்க்காட்டிலிருந்து நரிகள் லாரி வரும்போது பெரிய கேட் வழியாக அதற்குள் நுழைந்துவிடும். லாரி போனதும் கேட் சாத்திவிடுவார்கள், நரி உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை ஒன்று குப்பை ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் போய்ச் சிக்கிச் செத்து, பெல்ட்டும் நின்று, அன்று முழுக்க வேலை கெட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஏதாவது செய்யுங்க என்றார். செய்தேன். பின்சுவரின் அடியில் ஒரு சின்ன வழி, அதற்கு மேலிருந்து விழுகிற இரும்புத் தகட்டுக் கதவு. நரி கிட்டே வந்தால் சென்சார் பார்த்துக் கதவைத் தூக்கும், நரி வெளியே போனதும் கதவு விழுந்துவிடும், வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர முடியாது. எலிக்கெல்லாம் திறக்கக் கூடாது என்பதற்காக சென்சாரை நரியின் வயிற்று உயரத்தில் வைத்தேன். எத்தனை நேரம் கதவு தூக்கியே நிற்கவேண்டும் என்பதற்கு நரியின் நீளத்தைத் தேடி எடுத்து, அது நடக்கிற வேகத்தால் வகுத்து, டைமரில் போட்டேன். மணல் மூட்டையைக் கயிறு கட்டி இழுத்துச் சோதித்தும் பார்த்தேன். மூட்டை பிரமாதமாக வெளியே போயிற்று. யார்டே கை தட்டியது, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் ஊரில் வாலில்லாத நரி தென்பட ஆரம்பித்தது. முதலில் பார்த்தவன் உன் மாமா, கேட் பக்கத்து வாட்ச்மேன் அறையில் குடியிருக்கிறவன் கண்ணில் படாமல் எது போகும். அத்தான், ஒரு நரி பின்பக்கம் முயல் மாதிரி போகுது, முன்பக்கம் பார்த்தா நரிதான், யாரோ ரெண்டையும் வெல்டிங் வச்சுட்டாங்க என்று வந்து சொன்னான், சிரித்தேன். அடுத்து இன்னொன்று, அதன் பிறகு ஒரு குட்டி. டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். லாரி டிரைவர் ஒருவர் அது பிறவியிலேயே அப்படி என்றார். அம்மாவின் கடை முதலாளி சொறி நோய் என்றார். சாலையில் வண்டி ஏறியிருக்கும் என்றார்கள், யாரோ வாலுக்காகக் கண்ணி வைத்துப் பிடிக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு. குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று மக்கள் ஆபீசுக்கு வந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நீ போன் செய்தாய். நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு இப்போது நினைவிருக்கிறது, அப்போது காதில் வாங்காத மாதிரிதான் இருந்தேன். சொறி என்றால் உடம்பெல்லாம் முடி கொட்டித் தோல் தடித்திருக்கும், வால் மெலிந்தாலும் எலும்பு இருக்கும்ப்பா என்றாய். பிறவிக் குறை என்றால் தழும்பு இருக்காது, குட்டிகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்வதும் உண்டு, நாய் கடித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் போயிருக்கும், அதனால் எல்லாவற்றுக்கும் வால் ஒரே இடத்தில் போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், அம்மாவை போட்டோ எடுக்கச் சொல்லுங்கள் என்றாய். நான் என்ன சொன்னேன்? நீ மாட்டு டாக்டருக்குப் படிக்கிறது இப்பத்தான் ரெண்டாம் வருஷம், மாட்டுக்கு ஊசி போடக் கத்துக்கோ முதல்ல, இது நாய் கடிச்சது, விஷயம் முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு போனை அம்மா கையில் திணித்தேன். நீ அந்தப் பக்கம் சரிப்பா என்று சொன்னது கேட்டது. அந்தச் சரிப்பா இத்தனை நாளும் என் காதுக்குள்ளேயே கிடக்கிறது.

நாய் என்று நான் அடித்துச் சொன்னதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பாய். ஒரே ஒரு தடவை மாமாவின் நாய் மேஸ்திரி ஒரு நரியைத் துரத்தியதைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். மேஸ்திரி, கண்டக்டர், டீச்சர் என்று மூன்று நாய்க்கும் உத்தியோகம் கொடுத்து அவன் வளர்ப்பதே எனக்கு எரிச்சல், இது குப்பை யார்டா இல்லை நாய்ப்பண்ணையா என்று அடிக்கடி கேட்பேன். மேனேஜர் மீட்டிங்கில் காரணம் என்ன என்று கேட்டதும், ஒரு நொடிகூட யோசிக்காமல், வாட்ச்மேன் வளர்க்கும் நாய்கள் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் என் மச்சான் கடைசியில் நின்றுகொண்டிருந்தான். அவன் கோபப்படவில்லை, சிரித்தான். அத்தான், மேஸ்திரிக்குப் பல்லே இல்ல, பிஸ்கட்டை தண்ணில நனைச்சுக் குடுக்கிறேன், அது நரி வாலைக் கடிச்சிருந்தா அதுக்கு நானே ஒரு மாலை போடுறேன் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் சுருக்கென்றது. உனக்கு நாய் முக்கியமா வேலை முக்கியமா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மேனேஜர் அதையே பிடித்துக்கொண்டு, நாயை அனுப்பு, இல்லையென்றால் நீ போ என்றார். அவன் மூன்று நாயையும் கூட்டிக்கொண்டு ஊர்க்கோடியில் லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட்டுக்குப் போய்விட்டான், வண்டித் துரு சுரண்டுகிற வேலை, அங்கேயே படுக்கை. போகும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். உன்னை அவன் வாலு என்று கூப்பிடுவானே, அந்தச் சொல்லே இப்போது இந்த வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை.

மாமா போன பிறகும் இன்னொரு நரிக்கு வால் போயிற்று. தெருநாயாக இருக்கும் என்றேன், யாரும் கேட்காமலே. ஒருநாள் சாயங்காலம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா தட்டுக்குப் பக்கத்தில் தன் போனை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நீ கேட்ட போட்டோக்களை அவள் பஸ் நிறுத்தத்தில் இருந்தும் மொட்டை மாடியில் இருந்தும் விடாமல் எடுத்து வைத்திருந்தாள், எனக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். உடம்பில் முடியெல்லாம் நன்றாக இருந்தது, தோல் சுத்தமாக இருந்தது. அடியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு வால், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. எல்லா நரிக்கும் அதே ஒரு சாண். குட்டிக்கு மட்டும் கொஞ்சம் குறைவு, குட்டி சின்னது என்பதால். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். என் கீழே வேலை பார்க்கிற பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்று, ஒரே பழுது ஒரே இடத்தில் வந்தால் பொருளைப் பார்க்காதே, மெஷினைப் பார். நீ போனில் கேட்டதும் அதேதான். என் பாடத்தை நீ என்னிடமே கேட்டிருக்கிறாய், நான் உன்னை மாட்டுக்கு ஊசி போடச் சொன்னேன்.

மறுநாள் விடியும்போதே யார்டுக்குப் போய்க் கதவுக்குப் பக்கத்தில் டிரம்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் லாரியோடு ஒன்று உள்ளே வந்திருந்தது, முழு வாலோடு. வாயில் எதையோ கவ்விக்கொண்டு கதவுக்கு வந்தது, தகடு எழும்பிற்று, தலை போயிற்று, உடம்பு போயிற்று. சென்சாருக்கு எதிரே ஒன்றுமில்லை, ஏனென்றால் வால் தாழத் தொங்குகிறது, சென்சாரோ வயிற்று உயரத்தில் இருக்கிறது. தகடு விழுந்தது. அந்தச் சத்தத்தை உனக்கு எழுதப் போவதில்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் தூக்குவதற்குள் அது இழுத்த இழுப்பில் தோலும் முடியும் இந்தப் பக்கமே தங்கிவிட்டது, மிச்சம் வெறும் எலும்பாக அதனோடு போயிற்று, அது காய்ந்து ஒரு நாள் தானே உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. இத்தனை நாளும் ஒரு வால்கூட யார் கண்ணிலும் படாததற்கும் காரணம் தெரிந்தது, உட்பக்கம் விழுவது சரிவில் உருண்டு நேராகக் கழிவுக் குழிக்குப் போய்விடுகிறது. கதவின் அடி ரப்பரில் அடிக்கடி முடி ஒட்டியிருக்கும், துடைப்ப நார் என்று நினைத்து நானே என் கையால் துடைத்திருக்கிறேன் மகளே. உள்ளே போய் நான் நீளம் எடுத்த அட்டவணையைத் திறந்தேன். தலையும் உடம்பும் சேர்ந்த நீளம் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது. வாலின் நீளம் தனியாக அடுத்த கட்டத்தில் இருக்கிறது. விலங்குகளுக்கு அப்படித்தான் அளப்பார்கள் என்று உனக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் முதல் கட்டத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், எனக்குத்தான் எப்போதும் அவசரம் ஆயிற்றே.

இனிமேல் எழுதப்போவதுதான் உண்மையில் வெட்கம். தப்புக் கணக்கு யாருக்கும் வரும், அதற்காக நான் இரண்டு பக்கம் எழுதமாட்டேன். அன்று காலையே டைமரில் நேரத்தைக் கூட்டினேன், கதவின் அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டினேன், சென்சாரைக் கீழே இறக்கினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. பழுதைச் சரிசெய்தாயிற்று, பழுது இருந்ததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே ரொம்ப நியாயமாகப் பேசிக்கொண்டேன். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா, அதன் பிறகு ஒரு நரிக்கும் வால் போகவில்லை. மேனேஜர் என் தோளில் தட்டி, பாத்தீங்களா, நாயைத் துரத்தினதும் எல்லாம் நின்னு போச்சு, உங்க சொந்தக்காரன்னும் பாக்காம சொன்னீங்க பாருங்க, அதுதான் நேர்மை என்றார். நான் நன்றி சார் என்றேன். மகளே, நான் நன்றி சார் என்று சொன்னேன். என் மச்சானை விரட்டப் பொய்யும் சொல்லி, அந்தப் பொய்யை உண்மையாக்கவும் மெஷினைத் திருத்திக் கொடுத்துவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டேன். டீக்கடையிலும் அதே பேச்சு. அவன் ஊர்ப்பக்கம் வந்தபோது யாரோ, உன் நாய்ங்களுக்கு இப்ப வால் சூப் கிடைக்குதா என்று கேட்டார்களாம். அதற்கும் சிரித்துவிட்டுப் போனானாம், அம்மாவுக்கு யாரோ வந்து சொன்னார்கள், அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவே இல்லை.

இப்படியே இருந்திருப்பேனோ என்னவோ, என்னைப் பற்றி எனக்கு இப்போது பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மற்ற யார்டுகளிலும் இதே கதவைப் போடப்போவதாகச் சொல்லி அங்கிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். மேஜை மேல் என் படம் விரித்து வைத்திருந்தது, அதில் பழைய கணக்கு, பழைய உயரம், கீழே என் கையெழுத்து. அதைப் பிரதி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். கொஞ்சம் இருங்கள் என்று அவர்களைக் கதவுக்குக் கூட்டிப்போய், டைமரையும் சென்சாரையும் பழையபடி மாற்றி, ஸ்பாஞ்சைப் பிய்த்துவிட்டு, அதே மணல் மூட்டையின் பின்னால் தரை துடைக்கும் மாப்பைக் கட்டி இழுத்தேன். மூட்டை வெளியே போயிற்று. மாப் உள்ளே நின்றது. இதுதான் நரிகளின் வால், நாய் கடிக்கவில்லை, என் கதவு கடித்தது, நாய் என்று நான் சொன்னது தப்பு, தெரிந்த பிறகும் மறைத்தேன், அது அதைவிடத் தப்பு என்று சொன்னேன். மேனேஜர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், வால் இல்லாம நரி செத்தா போச்சு, சரிபண்ணிட்டீங்கல்ல, அதோட வாயை மூடிட்டு இருக்க வேண்டியதுதானே, வெளி ஆளுங்க முன்னாடி இப்படியா என்று பல்லைக் கடித்தார். வால் இல்லாமல் அது ஓடும்போது எப்படித் திரும்பும், குளிரில் எதைப் போர்த்திக்கொள்ளும் என்றெல்லாம் அவருக்குச் சொல்ல வந்தேன், எல்லாம் நீ சின்ன வயதில் எனக்கு வாசித்துக் காட்டியதுதான், விட்டுவிட்டேன். என் மச்சான் வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அந்த இடத்துக்கு ஏஜென்சி ஆள் வந்தாச்சு, பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். படத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன், பழைய பிரதிகளைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டேன். டீக்கடையிலும் நின்று சொன்னேன். ஒருவர், அப்ப உங்க மச்சான் என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளாஸை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இன்று மத்தியானம் மாமாவைப் பார்க்கப் போனேன். ஒரு லாரியின் அடியில் படுத்துத் துரு சுரண்டிக்கொண்டிருந்தான், கண்ணாடி போட்டிருந்தான், புருவமெல்லாம் சிவப்புத் தூள். முதலில் என்னைப் பார்த்தது மேஸ்திரிதான். தூங்கிக்கொண்டிருந்த கிழம் எழுந்து நொண்டிக்கொண்டு வந்து என் காலை முகர்ந்து வாலை ஆட்டுகிறது. அதற்கு என்ன தெரியும், பழகின ஆள் வந்திருக்கிறான் என்றுதான் அதற்கு. எனக்கு அந்த வாலைப் பார்க்க முடியவில்லை, அங்கிருந்த டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா வெளியே வந்து கவிழ்த்த பெயின்ட் டின் ஒன்றைக் காட்டி உட்காருங்க அத்தான் என்றான். உட்கார்ந்து ஆரம்பித்தேன். சென்சார் எங்கே இருந்தது, ஏன் வயிற்று உயரம், டைமர் கணக்கு எப்படிப் போட்டேன், அட்டவணையில் எந்தக் கட்டம், எல்லாவற்றையும் தரையில் ஆணியால் படம் போட்டே சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான், நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டான், அதற்கும் விளக்கம் சொன்னேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அத்தான், சென்சார் நல்லா புரிஞ்சுது, இதுல மன்னிப்பு எந்தப் பக்கத்துல வருது என்றான். வேலையில் இருந்த மற்றவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்து, இனிமேல் மற்ற யார்டுக்குப் போகிற கதவெல்லாம் புது அளவில்தான் போகும் என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப சந்தோஷம் அத்தான், நரிங்ககிட்ட சொல்லிடறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். துருவைச் சுரண்ட ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். நாளைக் காலை மறுபடி போகிறேன், நீயும் கூட வா என்று கேட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசினாள். நான் வரல, நான் வந்தா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லுவீங்க, அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும் என்றாள். பிறகு பிரிட்ஜைத் திறந்து, சத்தம் கேக்குதா என்று கேட்டாள், கேக்குது என்றேன். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அதைப் பார்க்கப் போகிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. கடைசியாக மாட்டிக்கொண்ட அந்த நரி இன்னும் புதர்ப்பக்கம் நடமாடுகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் காயத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. பிடித்து மருந்து போடவேண்டுமா, விட்டுவிடுவதுதான் நல்லதா என்று உன் டீச்சர்களிடம் கேட்டுச் சொல், நீ சொல்கிறபடி செய்கிறேன். அம்மா எடுத்த போட்டோக்களை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது ஹெல்மெட் போடு, பரீட்சை நேரத்தில் காபியிலேயே உயிர் வாழாதே. வேலைக்குப் போன பிறகு என்னைப் போல ஒரு மேதாவி உன் பேச்சைப் பாதியில் வெட்டினால் சரி என்று சொல்லி விட்டுவிடாதே, கேட்ட கேள்வியை மறுபடி கேள், சத்தமாகக் கேள். எந்த மெஷினும் எந்த மிருகமும் உன் கையால் கெடாமல், நீ நீண்ட நாள் நிறைவாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடாதே, அப்பாவிடம் கொடுங்கள் என்று சொல். எழுதிவிட்டதால் சொல்லிவிட்டதாக ஆகாது. உன்னிடமும் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது, அதை வாயால் சொல்லவேண்டும். நடுவில் நான் வேறு எதையாவது பேச ஆரம்பித்தால் விடாதே, அது இல்லைப்பா, மற்றது என்று சொல்.

இப்படிக்கு,
சொல்லத் தெரியாத உன் அப்பா